ஃப்ரீ யூனிவர்சிட்டில வரலாறு, இலக்கியம், தத்துவம் எல்லாம் நாட்டுக்கு எதுக்கு?

ஈபேன்_நைட்ஷிஃப்ட்:

வணக்கம் மக்களே. சண்டை இழுக்கறதுக்காகப் போடல, நிஜமாவே பதில் வேணும்.

2019-லேர்ந்து நம்ம மொரிஷியஸ்ல அரசாங்க யூனிவர்சிட்டிகள்ல முதல் டிகிரிக்கு ஃபீஸ் கிடையாது. என் தங்கச்சி அதுலதான் அக்கவுண்டிங் முடிச்சா, வேலைல இருக்கா, எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல. இப்போ அக்கா பொண்ணு ஸ்கூல் சர்டிஃபிகேட் (எஸ்சி) முடிச்சுட்டு அடுத்த கட்டமான ஹெச்எஸ்சிக்கு சப்ஜெக்ட் எடுக்கணும். மேத்ஸ் சூப்பரா வரும் அவளுக்கு. ஆனா ஃப்ரெஞ்சு, இங்கிலீஷ் லிட்டரேச்சர், சோசியாலஜி இந்த மூணுதான் மெயின்னு பிடிவாதம், அப்புறம் ரெடுயில இருக்கிற யூனிவர்சிட்டில போய் ஹிஸ்டரி டிகிரி பண்ணணுமாம். வீட்ல தினமும் இதே பேச்சுதான். மாமா ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நான் நடுவுல.

நான் வீட்டுச் சண்டையைக் கேக்கல, அதைவிடப் பெருசா ஒண்ணு கேக்குறேன். டாக்டருக்குப் படிச்சா ஒருத்தனுக்கு வைத்தியம் பாப்பான், எனக்குப் புரியுது. இஞ்சினியர் படிச்சா மெட்ரோ பாலம் கட்டுவான், புரியுது. ஹிஸ்டரி படிச்சவனுக்கு நான் கடைல கட்டுற 15 சதவீத வாட்லேர்ந்து ஏன் காசு போகணும்? கேட்டா எல்லாரும் ஒரே பாட்டு, "ஜனநாயகத்துக்கு ஹ்யூமானிடீஸ் அவசியம்", "சிந்திக்கக் கத்துக் கொடுக்கும்", அது இதுன்னு. சொல்றவங்க யாருன்னு பாத்தா எல்லாம் அதுல சம்பளம் வாங்குறவங்க. ஓட்டு போட 18 வயசு ஆனா போதும், டிகிரி யாரும் கேக்கல. எங்க ஆயா பேரெழுதத் தெரியாமலே ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் போய் ஓட்டு போட்டுட்டு வந்தாங்க, தப்பாவும் போடல.

அதனால ரூல் இதுதான்: இந்தத் தீவுல நடந்த ஒரு உதாரணம் சொல்லுங்க. கிரேக்கம் ரோமாபுரி வேண்டாம், அமெரிக்கா வேண்டாம்.

கியூர்பிப்_ராஜி:

நீங்க கேட்ட மாதிரி ஒரே உதாரணம். சாகோஸ்.

சின்ன வயசுலேர்ந்து ரேடியோல கேட்டு கேட்டு நமக்கு அது சலிச்சுப் போன பேரு, ஆனா அந்தக் கேஸ் எதை வச்சு நின்னுதுன்னு பாருங்க. 1965 நவம்பர் 8-ல பிரிட்டன் அந்தத் தீவுக்கூட்டத்தை நம்மகிட்டேர்ந்து தனியா வெட்டி எடுத்துச்சு, சுதந்திரம் கிடைக்கறதுக்கு ரெண்டு வருஷத்துக்கும் மேல முன்னாடி, ஈடா 30 லட்சம் பவுண்டு. அப்புறம் 1968-லேர்ந்து 1973-க்குள்ள அங்க இருந்த ஜனங்களை மொத்தமா கிளப்பி இங்கயும் சேஷல்ஸ்லயும் கொண்டுவந்து இறக்கி விட்டாங்க. உலகத்துக்குச் சொன்ன கதை என்னன்னா, அங்க நிரந்தரமா யாரும் இல்ல, தென்னந்தோப்புல கான்ட்ராக்ட்ல வேலை செஞ்ச கூலி ஆளுங்கதான், கான்ட்ராக்ட் முடிஞ்சுது போயிட்டாங்க. தலைமுறை தலைமுறையா அங்க பொறந்து அங்கயே கல்லறைல இருக்கிறவங்களைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

இது பொய்னு சாகோஸ் ஜனங்களுக்குத் தெரியும். தெருவுல உக்காந்து உண்ணாவிரதம் இருந்த அந்த அம்மாக்களுக்குத் தெரியும். ஆனா அவங்க சொன்னா யாரு கேட்டா? பிரிட்டிஷ் அரசாங்கத்தோட பழைய ஃபைலுங்க முப்பது வருஷம் கழிச்சு லண்டன் ஆவணக்காப்பகத்துல திறந்தப்பதான் விஷயமே மாறுச்சு. அதுல 1966-ல அவங்களே ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்ட குறிப்பு இருக்கு. கடல்பறவையைத் தவிர பூர்வகுடின்னு யாரும் அங்க இருக்கக்கூடாதுங்கற மாதிரி மேலதிகாரி எழுதறாரு, அதுக்குக் கீழ இன்னொருத்தர், பறவைங்களோட சில டார்ஜான்களும் ஃப்ரைடேக்களும் இருக்காங்களேன்னு கிண்டல் அடிக்கறாரு. அதாவது ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சேதான் இல்லன்னு எழுதியிருக்காங்க. இந்தக் காகிதங்களோடதான் சாகோஸ் ஜனங்களோட தலைவர் ஒலிவியே பான்கூல் 2000 நவம்பர்ல லண்டன் ஹைகோர்ட்ல ஜெயிச்சாரு. அதுக்கப்புறம் ஏறி இறங்கி, கடைசில 2019 பிப்ரவரி 25-ல உலக நீதிமன்றம் 13க்கு 1-ன்னு சொல்லிச்சு, மொரிஷியஸை காலனியிலேர்ந்து விடுவிச்சது சட்டப்படி முழுசா முடியவே இல்லன்னு. மே மாசம் ஐநா சபைல 116 நாடு நம்ம பக்கம், எதிர்ப்பு 6. 2025 மே 22-ல தீவுங்களை நம்மகிட்ட ஒப்படைக்கறதுக்கு பிரிட்டனோட ஒப்பந்தக் கையெழுத்து. அந்த ஒப்பந்தம் நல்லதா கெட்டதான்னு சாகோஸ் ஜனங்களே ரெண்டா நிக்கறாங்க, அது வேற கதை, அமெரிக்க ராணுவத் தளம் இருக்கிற டியேகோ கார்சியாவை பத்தி பேச ஆரம்பிச்சா விடிஞ்சுடும்.

என் பாயிண்ட் இதுதான். ஒரு நாட்டோட எல்லைக்கான வாதமே பழைய ஃபைலைப் பொறுமையா படிச்சவங்களாலயும் சேர்த்துதான் ஜெயிச்சிருக்கு. எந்த ஃபைல், யார் யாருக்கு எழுதினது, எதுக்காக அப்படி எழுதினாங்க, எதை எழுதாம விட்டாங்க, இதைப் பாக்கறதுதான் ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட்ல கத்துக்கொடுக்கிற வேலை. வேற என்னவோன்னு நினைச்சுட்டு இருக்கீங்க.

டோல்பூரி_எக்ஸ்பர்ட்:

ராஜி மேடம் அழகா எழுதியிருக்கீங்க, ஆனா ஒரு ஓட்டை இருக்கு அதுல. அந்தக் கடல்பறவை குறிப்பு எழுதின மேலதிகாரி, ஃபாரின் ஆஃபீஸோட தலைமைச் செயலர், அவர் படிச்சது எங்க? ஆக்ஸ்ஃபோர்ட். அந்தக் காலத்து ஃபாரின் ஆஃபீஸ் பூரா அப்படித்தானே, லத்தீனும் சரித்திரமும் கவிதையும் கரைச்சுக் குடிச்ச கூட்டம். ஃப்ரைடேன்னு கிண்டல் அடிக்கறதுக்கே ராபின்சன் க்ரூசோ நாவல் படிச்சிருக்கணும் இல்ல? ஆக மொத்தம் ஹ்யூமானிடீஸ் நல்லா படிச்ச ஆளுங்கதான் ஜனங்களை நாயைவிடக் கேவலமா தூக்கி வெளிய போட்டாங்க. அவங்களை எதிர்த்து நின்ன அந்த அம்மாக்கள்ல யாரு டிகிரி வாங்கினது?

நம்ம பார்லிமெண்ட்லயும் பாருங்க, முக்காவாசி வக்கீல், மீதி டாக்டர். எல்லாரும் மேடைல மேற்கோள் காட்டுவாங்க, வீட்டுக்குப் போய் ஜாதிக்கணக்கு போட்டு சீட்டு பிரிப்பாங்க. படிச்சா பண்பு வரும்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க.

ஈபேன்_நைட்ஷிஃப்ட்:

ஹாஹா இதைத்தான் எதிர்பார்த்தேன். ராஜி அக்கா, சாகோஸ் உதாரணம் நான் கேட்ட ரூலுக்கு உள்ள வருது, ஒத்துக்கறேன். ஆனா டோல்பூரி அண்ணன் சொன்னதுக்கு என்ன பதில்? அதோட கேஸ் ஜெயிச்சது லாயருங்க. லாயர் வேணும்னா லா படிக்க வைப்போம், ஹிஸ்டரி எதுக்கு?

பெல்லர்_டீச்சர்:

தம்பி, நான் செகண்டரில பாடம் எடுக்கறவ, சம்பளம் வாங்குற கோஷ்டிதான், அதை முதல்லயே சொல்லிடறேன் அப்புறம் நீங்க கண்டுபிடிச்ச மாதிரி ஆகக்கூடாது.

டோல்பூரி சொன்னது சரி. படிச்சா நல்லவன் ஆயிடுவான்ங்கறது எங்க ஆளுங்க மேடைல சொல்ற பொய்களிலேயே பெரிய பொய். ஆனா அவர் சொன்னதை அப்படியே இன்னும் ஒரு அடி தள்ளிப் பாருங்க. ஆட்சில இருந்தவன் எப்பவுமே இதெல்லாம் படிச்சுட்டுதான் இருந்தான். காலனி ஆண்டவன் சரித்திரம் படிச்சான், கரும்புத் தோட்ட முதலாளி பிள்ளைங்க பாரிஸ்ல போய் தத்துவம் படிச்சாங்க, கூலிக்கு வந்தவன் பிள்ளைக்கு மட்டும் கணக்கும் கையெழுத்தும் போதும்னு சொன்னாங்க. ஒரு காகிதத்தை எப்படி எழுதினா ஒரு ஊரே இல்லாம போகும்னு தெரிஞ்ச ஆளுங்க ஒரு பக்கம் மட்டும் இருந்தா என்ன ஆகும்னு சாகோஸ்ல பாத்தாச்சு. அதே காகிதத்தைப் பிரிச்சுப் படிக்கத் தெரிஞ்சவங்க மத்த பக்கமும் இருக்கணும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அது எப்படியும் கிடைச்சுடும், காசு கொடுத்து வெளிநாட்டுல படிச்சுக்கும். ஃப்ரீ யூனிவர்சிட்டில அந்த டிபார்ட்மெண்டை மூடினா யாருக்கு நஷ்டம்? உங்க அக்கா பொண்ணுக்குத்தான். ஜனநாயகம்னா இதுதான் என் கணக்கு, குணம் வளர்க்கறது எல்லாம் கோவில்ல பாத்துக்கலாம்.

லாயர் போதுமேன்னு கேட்டீங்க. கோர்ட்ல நிக்கறது லாயர், அவர் கைல இருக்கிற ஃபைலுக்கு அர்த்தம் சொல்றது வேற ஆளு.

இன்னொண்ணு. 18 வயசு ஆனா ஓட்டுன்னு ரொம்ப சாதாரணமா எழுதிட்டீங்க, அந்த 18 எப்படி வந்துச்சு தெரியுமா? முன்னாடி 21. 1975 மே 20, காலேஜ் பசங்க, அதாவது நம்ம செகண்டரி ஸ்கூல் பசங்க, யூனிஃபார்மோட நடந்தே போர்ட் லூயிஸுக்குக் கிளம்பி, க்ராந்த் ரிவியேர் பாலத்துல போலீஸ் கண்ணீர்ப்புகை அடிச்சு மடக்குச்சு. அந்தப் பசங்க கேட்டதுல என்ன இருந்துச்சுன்னா, எங்களுக்கு ஏன் இங்கிலாந்து ராஜா கதையே பாடமா இருக்கு, இந்தத் தீவோட கதை எங்க, நாங்க வீட்ல பேசற பாஷைக்கு ஏன் பள்ளிக்கூடத்துல இடமில்ல, பணக்காரன் காலேஜுக்கும் ஏழை காலேஜுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம். அந்த வருஷக் கடைசிலயே ஓட்டு வயசு 18 ஆச்சு, அடுத்த வருஷம் எலெக்ஷன், 1977-லேர்ந்து செகண்டரி படிப்பு ஃப்ரீ. உங்க தங்கச்சி வாங்கின ஃப்ரீ டிகிரிக்குக் கொள்ளுப்பாட்டி அந்தப் பாலத்துல நின்ன பசங்கதான். என்ன பாடம் படிக்கணும்ங்கற கேள்விதான் தெருவுக்கு வந்து ஓட்டுரிமையா மாறியிருக்கு.

இதுக்கும் மேல ஒண்ணு கேக்கறேன், யாராவது நம்ம அரசியல் சாசனத்தோட முதல் அட்டவணையைப் படிச்சிருக்கீங்களா? எலெக்ஷன்ல நிக்கறவங்க ஹிந்து, முஸ்லிம், சீனோ மொரிஷியன்னு மூணுல ஒண்ணு சொல்லணும், வாழ்க்கை முறையைப் பாத்தா இந்த மூணுலயும் சேராதவங்க எல்லாம் ஜெனரல் பாப்புலேஷன். பெஸ்ட் லூசர் சீட், அதாவது தோத்தவங்கள்ல சிலருக்குச் சமூகக் கணக்குப் பாத்துக் கொடுக்கிற சீட், 8, அது இந்தக் கணக்கை வச்சுதான் பிரியும், அந்தக் கணக்கு எந்த வருஷத்து சென்சஸ்? 1972. அதுக்கப்புறம் எடுத்த சென்சஸ்ல இந்தக் கேள்வியே இல்ல. பேட்டை பேட்டையா தலைமுறை மாறிப்போச்சு, நாம இன்னும் 1972-ல இருக்கோம். 2012-ல ஐநா மனித உரிமைக் குழுவே இது சரியில்லன்னு சொல்லிடுச்சு, 2014-ல ஒரு எலெக்ஷனுக்கு மட்டும் சொல்லாமலே நிக்கலாம்னு தற்காலிகமா ஒட்டு போட்டாங்க. இப்போ சொல்லுங்க, வாழ்க்கை முறையைப் பாத்து ஒருத்தன் யாருன்னு முடிவு பண்றது எந்த இஞ்சினியரோட வேலை? நாம தமிழங்க அந்தப் பட்டியல்ல எங்க இருக்கோம்? ஹிந்துவுக்குள்ள. அதுல சந்தோஷப்படறவங்களும் இருக்காங்க, குமுறறவங்களும் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் அந்தப் பட்டியல் எப்படி வந்துச்சுன்னு தெரியாது.

டோல்பூரி_எக்ஸ்பர்ட்:

டீச்சர், கொள்ளுப்பாட்டி பாலத்துல நின்ன பசங்கதான்னு ஒரே வரில பாட்டியையும் பசங்களையும் கலந்துட்டீங்க 😄 ஆனா சரி, அந்த "மத்த பக்கமும் இருக்கணும்" பாயிண்ட் எனக்கு ஓகே.

ஆனா ஒண்ணு, நம்ம ஆளுங்க எதுக்குக் கொதிக்கறாங்கன்னு பாத்தா வேற மாதிரி இருக்கு. 1998-ல பாங்க் புது ரூபா நோட்டு அடிச்சப்போ தமிழை மூணாவதா தள்ளி ஹிந்தியை ரெண்டாவதா போட்டாங்க, ஊரே திரண்டுச்சு, கடைசில நோட்டையே வாபஸ் வாங்கி மறுபடி அடிச்சாங்க. எனக்கு அதுல பெருமைதான். ஆனா அந்த நோட்டுல தமிழ்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரிஞ்சவங்க அந்தக் கூட்டத்துல எத்தனை பேரு? இடத்துக்குச் சண்டை போடுவோம், படிக்கறதுக்கு மாட்டோம். காவடிக்கு லீவு எடுப்போம், பிள்ளையைத் தமிழ் க்ளாஸுக்கு அனுப்ப மாட்டோம், அந்த நேரத்துல லெசொன், அதான் ட்யூஷன், இருக்கும்.

சேன்பியேர்_974:

வணக்கம். நான் பக்கத்துத் தீவு, ரீயூனியன். தமிழ் பெரியவனான பிறகு புதுச்சேரியில் படித்துக் கற்றுக்கொண்டேன், அதனால் என் எழுத்து கொஞ்சம் புத்தகம் மாதிரி இருக்கும், மன்னிக்கவும்.

உங்கள் பேச்சில் ஒரு விஷயம் விடுபடுகிறது. எங்கள் ஊரில் ஹ்யூமானிடீஸுக்குக் குறைச்சலே இல்லை! பிரெஞ்சு முறை. லிசேயின் கடைசி வருஷம் எல்லாரும் தத்துவம் படிக்க வேண்டும், கணக்கு எடுத்தவனும்தான். பாக் தேர்வில் நாலு மணி நேரம் உட்கார்ந்து சுதந்திரம் பற்றியும் நீதி பற்றியும் கட்டுரை எழுதுவோம். நானும் எழுதினேன், நல்ல மதிப்பெண். ஆனால் என் பாட்டனார் காரைக்கால் பக்கத்திலிருந்து எந்த ஒப்பந்தத்தில் கரும்பு வெட்ட வந்தார், அவர் பெயர் பதிவேட்டில் ஏன் இப்படி உடைந்து கிடக்கிறது, வீட்டில் தமிழ் எப்போது நின்றது, இதைப் பற்றி என் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. டிசம்பர் 20 அடிமை ஒழிப்பு நாள் விடுமுறை, ஆட்டம் பாட்டு உண்டு, ஆனால் 1848-க்குப் பிறகு வந்த எங்கள் ஆட்கள் பற்றி அன்றைக்கும் பேச்சு குறைவு. எங்களை மல்பார் என்பார்கள், அநேகமாக எல்லாரும் தமிழர்கள்.

ஆகவே ஹ்யூமானிடீஸ் இருக்கிறதா இல்லையா என்பதோடு கேள்வி முடியாது. யாருடைய கதை, யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்க வேண்டும். ஆனால் ஒன்று நேர்மையாகச் சொல்கிறேன், அந்தத் தத்துவ வகுப்பில்தான் "இது யார் தேர்ந்தெடுத்தது" என்று கேட்கும் தைரியம் எனக்கு வந்தது. எங்கள் ஆசிரியர் பிரான்சிலிருந்து வந்தவர், எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, இருந்தாலும் கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார்.

ஈபேன்_நைட்ஷிஃப்ட்:

ரீயூனியன் அண்ணே, உங்க தமிழ் எங்க எல்லாரையும் விட நல்லா இருக்கு, மன்னிப்பெல்லாம் எதுக்கு. இங்கயும் மேத்ஸ் பசங்களுக்கு ஜெனரல் பேப்பர்னு ஒண்ணு உண்டு ஹெச்எஸ்சில, நானும் எழுதினேன், ஆனா லெசொன் மாஸ்டர் கொடுத்த பத்து கட்டுரையை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் எது வந்தாலும் அதுல ஒண்ணை வளைச்சு எழுதிட்டு வந்தேன். டீச்சர் இதுக்கு என்ன சொல்வாங்க?

பெல்லர்_டீச்சர்:

என்ன சொல்றது, உண்மைதான். வாரத்துல அந்த ரெண்டு மூணு பீரியட்தான் சயின்ஸ் பிள்ளைங்க வாயைத் திறந்து வாதாடறதுக்கு இடம். அதையும் மனப்பாடமா மாத்திட்டோம். லொரேயா பட்டியல், அதான் ஹெச்எஸ்சில முதலிடம் வந்து ஸ்காலர்ஷிப் வாங்கறவங்க பட்டியல், வர்ற அன்னிக்குப் பிள்ளைங்களைத் தோள்ல தூக்கிட்டு ஆடறோம், அந்தப் பிள்ளை சொந்தமா ஒரு கருத்து சொல்லிக் கேட்டதுண்டான்னு யாரும் விசாரிக்கறதில்ல. நான் க்ளாஸ்ல ஒரே செய்தியை ரெண்டு பேப்பர்லேர்ந்து வெட்டி எடுத்துட்டுப் போய் ரெண்டுத்துக்கும் என்ன வித்தியாசம்னு கேப்பேன். முதல்ல யாரும் வாயே திறக்க மாட்டாங்க, மிஸ் ஆன்சர் எதுன்னு கேப்பாங்க. அப்புறம் ஒரு பொண்ணு, மிஸ் இதுல போலீஸ் சொன்னதை மட்டும் போட்டிருக்கான், அதுல அடிவாங்கினவன் அம்மா சொன்னதும் இருக்குன்னு சொல்லும், அதுக்கப்புறம் பெல் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டாங்க. ஆனா சிலபஸ் முடியலன்னு பெற்றோர் மீட்டிங்ல நான்தான் திட்டு வாங்குவேன்.

பழைய_பத்திரம்:

நான் ஒரு நோத்தேர் (பத்திரம் எழுதிப் பதியற நோட்டரி) ஆஃபீஸ்ல க்ளார்க்கா இருக்கேன் பொதுவா இங்க எழுதறது இல்ல படிக்கறதோட சரி ஆனா இந்த விஷயம் என் மேசைக்குத் தினமும் வர்றதுனால எழுதறேன், நம்ம ஊர்ல நிலப் பத்திரம் எல்லாம் ஃப்ரெஞ்சுல அதுவும் பழசு எல்லாம் கையெழுத்துல, 1800-கள்ல எழுதினதை இன்னிக்கு எடுத்தா பாதி எழுத்து புரியாது, அளவெல்லாம் ஆர்பான்ங்கற பழைய ஃப்ரெஞ்சு நில அளவுல இருக்கும், எல்லைன்னா ஒரு மாமரம் ஒரு ஓடை பக்கத்துக்காரன் பேரு, அந்த மாமரமும் இல்ல பக்கத்துக்காரனும் இல்ல. 2009-ல உண்மை நீதி கமிஷன்னு ஒண்ணு வச்சாங்களே, அலெக்ஸ் பொரைன் தலைமைல, சவுத் ஆப்பிரிக்கா கமிஷன்ல துணைத் தலைவரா இருந்தவர், அடிமையா வந்தவங்க கூலியா வந்தவங்க ரெண்டு பேரோட கதையையும் 1638-லேர்ந்து தோண்டி 2011 நவம்பர்ல அறிக்கை கொடுத்தாங்க, அதுல நூத்துக்கணக்கான குடும்பங்க வந்து எங்க தாத்தா நிலம் போச்சு எப்படிப் போச்சுன்னு தெரியலன்னு மனு கொடுத்தாங்க. எப்படிப் போச்சுன்னா பெரும்பாலும் எவனும் துப்பாக்கி காட்டிப் பிடுங்கல. இத்தனை வருஷமா நான்தான் இங்க இருக்கேன்னு ரெண்டு சாட்சியை வச்சு ஒரு பத்திரம் எழுதிப் பதிஞ்சுட்டா முடிஞ்சுது, படிக்கத் தெரியாத சொந்தக்காரனுக்கு அது நடந்ததே தெரியாது, பேரன் வந்து கேக்கறப்ப எல்லாம் சட்டப்படி சுத்தமா இருக்கும்.

இப்போ இந்த மனுவை யாரு பாக்கணும்? லாயர் பாக்கறதுக்கு முன்னாடி அந்தக் குடும்பம் நிஜமாவே அந்தக் குடும்பம்தானான்னு பாக்கணும், ஒரே ஆளுக்கு ஒரு பத்திரத்துல ஒரு ஸ்பெல்லிங் இன்னொண்ணுல வேற ஸ்பெல்லிங், நம்ம தமிழ்ப் பேரை ஃப்ரெஞ்சு க்ளார்க் காதுல விழுந்தபடி எழுதியிருப்பான், கோவில் கணக்கு, கல்யாணப் பதிவு, தோட்டத்துச் சம்பளப் பட்டியல் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். அந்த வேலைக்கு ஆளு தேடினா கிடைக்க மாட்டேங்குது. ஹிஸ்டரி படிச்சு ஃப்ரெஞ்சும் தெரிஞ்சு கொஞ்சம் தமிழும் தெரிஞ்ச ஒரு பிள்ளை வந்தா நான் எந்திரிச்சு என் நாற்காலியைக் கொடுத்துடுவேன். நைட்ஷிஃப்ட் தம்பி உங்க அக்கா பொண்ணைப் பத்திப் படிச்சப்போ எனக்கு இதுதான் தோணிச்சு. கேட்டீங்களே ஜனநாயகத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு, ஓட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான், பத்திரம் படிக்கத் தெரிஞ்சவனுக்கு ஓட்டோட நிலமும் இருக்கு.

டோல்பூரி_எக்ஸ்பர்ட்:

இதுதான்யா பதில். டீச்சரும் ராஜியும் சுத்திச் சுத்தி வந்ததை க்ளார்க் அண்ணன் ஒரே மூச்சுல முடிச்சுட்டாரு, மூச்சு விடவும் இல்ல, ஃபுல்ஸ்டாப்பும் இல்ல.

ஈபேன்_நைட்ஷிஃப்ட்:

ஆமா, இதை மாமாகிட்ட காட்டப் போறேன்.

ஆனா இன்னும் ஒரு கேள்வி விடாம கேக்கறேன். 2024 அக்டோபர்ல "மிஸ்ஸியே முஸ்தாஸ்"ங்கற பேர்ல யாரோ வெளியிட்ட மீசை டேப்புங்க வந்துச்சே, ஃபோன் ஒட்டுக்கேட்ட ஆடியோ. ஆட்சில இருந்தவங்க அது ஏஐ வச்சுச் செஞ்சதுன்னு சொன்னாங்க, நவம்பர் 1-ஆம் தேதி ஃபேஸ்புக் டிக்டாக் எல்லாத்தையும் எலெக்ஷன் முடியற வரைக்கும் மூடறோம்னாங்க, அடுத்த நாளே திறந்துட்டாங்க. 10-ஆம் தேதி ஓட்டு, எதிர்க்கட்சிக் கூட்டணி இந்தத் தீவுல இருக்கிற 60 சீட்டையும் அள்ளிட்டாங்க. இதுல எந்த ஹிஸ்டரி புரொஃபசரும் வரல. ஜனங்க கேட்டாங்க, முடிவு பண்ணாங்க. டேப் உண்மையா பொய்யான்னு பாக்க வேணும்னா ஒரு ஆடியோ இஞ்சினியர் போதும். என் ஃபீல்டு இது, அதனால கேக்கறேன்.

கியூர்பிப்_ராஜி:

குரல் ஒட்டுனதா வெட்டுனதான்னு உங்க இஞ்சினியர் சொல்வாரு, மறுக்கல. ஆனா நிஜக் குரலா இருந்தாலே நிஜமான அர்த்தம்னு ஆயிடாது, முன்னாடி என்ன பேசினாங்க, யாரு எதுக்கு இப்போ வெளிய விடறாங்க, எதை விடாம வச்சிருக்காங்க, இதையும் கேக்கணும். அப்போ எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு நாளைக்கு எத்தனை க்ளிப் வந்துச்சுன்னு எனக்குக் கணக்கே இல்ல, அதுல சிலது அந்த டேப்பே இல்ல, யாரோ சும்மா செஞ்சது, பெரியப்பா எல்லாத்தையும் ஒரே மாதிரி ஃபார்வர்டு பண்ணிட்டு இருந்தாரு. அந்தத் தடவை ஜனங்க கோபம் ஒரு பக்கமா திரண்டு நின்னுதால தெளிவா முடிஞ்சுது. எலெக்ஷன் பாதிக்குப் பாதி இருந்து ஒரு ஊரை இன்னொரு ஊர் மேல ஏவி விடற மாதிரி க்ளிப் வந்தா? 1999 பிப்ரவரில பாடகர் காயா போலீஸ் கஸ்டடில செத்து கலவரம் வெடிச்சப்போ ஃபேஸ்புக்கே இல்ல, அப்பவே வதந்தி எவ்வளவு வேகமா ஓடுச்சுன்னு எங்கம்மா சொல்வாங்க.

டோல்பூரி_எக்ஸ்பர்ட்:

பெரியப்பாவுக்கு டிகிரி இருந்தாலும் ஃபார்வர்டு பண்ணுவாரு ராஜி மேடம். எங்க பெரியப்பா எம்ஏ.

பெல்லர்_டீச்சர்:

😂 எம்ஏ எந்த வருஷம்னு கேளுங்க.

சீரியஸா, நைட்ஷிஃப்ட் தம்பி, அந்தப் பொண்ணு மேத்ஸ் நல்லா போடும்னா மேத்ஸை விடச் சொல்லாதீங்க. மூணு மெயின்ல ஃப்ரெஞ்சு, சோசியாலஜி, மேத்ஸ்னு எடுக்க முடியுமான்னு அவ காலேஜ்ல கேக்கச் சொல்லுங்க, எல்லா காலேஜ்லயும் அந்தச் சேர்க்கை டைம்டேபிள்ல ஒட்டாது, சில இடத்துல கிடைக்கும். லிட்டரேச்சரை சப்சிடரியா, அதான் துணைப் பாடமா, வச்சுக்கலாம். பழைய கணக்குப் பட்டியலை வச்சு ஆராய்ச்சி பண்ணணும்னா கணக்கு தெரிஞ்ச ஹிஸ்டரி ஆளுக்கு மதிப்பு ஜாஸ்தி. மாமாவும் பாதி சந்தோஷம், பொண்ணும் பாதி சந்தோஷம்.

ஈபேன்_நைட்ஷிஃப்ட்:

நன்றி டீச்சர், இதைக் கேட்டுப் பாக்கறேன். பத்திரம் அண்ணே, ஒரு சந்தேகம், எங்க அப்பா வழில கொள்ளுத்தாத்தா எந்த ஊர்லேர்ந்து வந்தாருன்னு வீட்ல யாருக்கும் தெரியாது, மெட்ராஸ்னு மட்டும் சொல்வாங்க. அதைப் பாக்க முடியுமா?

பழைய_பத்திரம்:

மெட்ராஸ்ங்கறது கப்பல் ஏறின துறைமுகம் தம்பி ஊரு வேறயா இருக்கும், மோகால மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல அந்தப் பதிவேடுங்க இருக்கு சிலதுல ஃபோட்டோகூட இருக்கும், ஆனா பேரை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க ராமசாமின்னு தேடினா நூறு ராமசாமி வரும், உங்க அப்பா பர்த் சர்டிஃபிகேட்லேர்ந்து தாத்தா கல்யாண சர்டிஃபிகேட் அதுலேர்ந்து அவங்க அப்பா கல்யாணம்னு சிவில் ஸ்டேட்டஸ் ஆஃபீஸ்ல ஒண்ணொண்ணா எடுத்துட்டே போங்க, எங்கயாவது ஒரு சர்டிஃபிகேட்ல பேருக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும் அதுதான் கப்பல்லேர்ந்து இறங்கினப்போ கொடுத்த நம்பர், அது கிடைச்சா கப்பல் பேரு, கிராமம், தாலுக்கா, அப்பா பேரு, உயரம், உடம்புல இருக்கிற மச்சம் வரைக்கும் இருக்கும். அக்கா பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, ஃப்ரெஞ்சு நல்லா வரும்னீங்களே, அந்தக் கையெழுத்தை அவ படிக்கட்டும்.